காய்ந்த திரி

பேரூர்ப் பக்கம் மாதத்தில் ஒரு ஞாயிறு சைவ சித்தாந்த வகுப்பு நடக்கிறது. 2021இல் ஓய்வு பெற்றதும் அதில் போய்ச் சேர்ந்தேன். முப்பது பேர் வருவோம். மில், மின்வாரியம், பேங்க் என்று ஏதோ ஒன்றில் உழைத்துக் களைத்தவர்கள்தான் பாதி. மீதிப் பாதி எங்கள் வீட்டுக்காரிகள்.

சென்ற ஆண்டு சிவஞான சித்தியாரில் அளவை நடந்தது. ஒரு பொருளை இன்னதென்று அறிய நமக்கு எத்தனை வழி உண்டு என்ற கணக்கு அது. பத்து என்பார்கள். அருணந்தி சிவாசாரியார் பத்தையும் காண்டல், கருதல், உரை என்று மூன்றுக்குள் அடக்கிவிடுகிறார். கண்ணால் பார்த்து அறிவது, ஊகித்து அறிவது, அறிந்தவர் சொல்லக் கேட்டு அறிவது. காண்டலுக்கு இரண்டு நோய் வரும் என்றார் பாடம் எடுக்கும் ஐயா. மங்கலில் தெரிவது கட்டையா, ஆளா என்று ஊசலாடினால் அது ஐயம். பழுதையைப் பார்த்துப் பாம்பு என்றே முடிவு கட்டிவிட்டால் திரிபு.

திரிபு என்று அவர் சொன்ன மாத்திரத்தில் எனக்குத் திரி ஞாபகம் வந்தது. சொல் விளையாட்டாகத்தான் வந்தது. ஆனால் அன்று மீதிப் பாடம் என் காதில் ஏறவில்லை.

நான் முப்பத்தேழு வருடம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவன். டெக்ஸ்டைல் டிப்ளமா முடித்து 1984இல் அப்ரெண்டிஸாக நுழைந்தேன்; வெளியே வரும்போது ஸ்பின்னிங் மாஸ்டர். கோயமுத்தூருக்கு நூற்பு வந்தது 1888இல், ஸ்டேன்ஸ் மில்லோடு. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. அதற்கப்புறம் மில்கள் பெருகின. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று பஞ்சுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்லதுதான், ஆடி மாதத்தில். தை மாதத்து விடியற்காலை வேறு கதை. அந்த வேறு கதையைத்தான் சொல்ல வந்தேன்.

2003 ஜனவரி. நான் அப்போது முழு நைட் ஷிப்ட் சூப்பர்வைசர். முழு நைட் என்றால் ராத்திரி ஒரு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை. எங்கள் டிபார்ட்மெண்டில் 24 ரிங் பிரேம், ஒவ்வொன்றிலும் 1008 கதிர். ஓடியது நாற்பதாம் நம்பர் கோம்டு நூல். அதாவது ஒரு பவுண்டு நூலை நீட்டினால் 840 கெஜக் கழி நாற்பது கிடைக்கும். அந்த நூலில் ஆயிரம் கதிருக்கு மணிக்கு ஆறேழு அறுதல் இருந்தால் எங்களுக்கு நிம்மதி. பத்தைத் தாண்டினால் சைடர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அறுந்த நூலைப் பிடித்துச் சேர்ப்பதுதான் சைடர் வேலை.

அந்த மாதம் 17, 18ஆம் பிரேம்களில் ஒரு புதுப் பிள்ளை. தேனிப் பக்கத்துக்காரி, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள். வயசு பத்தொன்பது இருக்கும். பெண்களை இரவு வேலையில் வைக்கக் கூடாது என்று ஃபேக்டரி சட்டத்தில் இருந்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் செல்லாது என்று சொன்ன பிறகுதான் எங்கள் ராத்திரி ஷிப்டில் பெண் பிள்ளைகளே வந்தார்கள். அவர்கள் வந்த அன்றே எங்களிடம் ஒரு தீர்ப்பும் தயாராக இருந்தது. 'பொம்பளப் புள்ளைக ராத்திரி தூங்கும்.' நானும் சொல்லியிருக்கிறேன். டீக்கடையில் நின்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி மூன்றாம் தேதி விடியற்காலை மூன்றரை மணிக்கு அவள் பக்கம் போனேன். பிரேம் முழுக்க வெள்ளை வெள்ளையாக அறுந்து கிடந்தது. ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கொக்கியை வைத்து அதைக் கீறி எடுத்துக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் வேர்வை. தூங்கி எழுந்த முகம் என்று எனக்குத் தோன்றியது. நின்று எண்ணினேன். மணிக்கு ஆயிரம் கதிருக்குப் பத்தொன்பது வந்தது. சத்தம் போட்டேன். அவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது நினைவில்லை.

மறுநாளும் போனேன், அதே பக்கம். மூன்றாம் நாளும் அதே பக்கம். நோட்டில் எழுதினேன். நான்காம் நாள் கையில் கணக்கு இருந்ததால் தைரியமாக மெமோ கொடுத்தேன். ஐந்தாம் நாள் அவளைக் கிளீனிங் பக்கம் தள்ளிவிட்டு அந்த இரண்டு பிரேமுக்கும் அனுபவப்பட்ட ஒரு சைடரைப் போட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போன அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை.

அறுதலும் குறையவில்லை. பழைய சைடர் வந்த பிறகும் பதினெட்டு, பத்தொன்பது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. 'பழைய ஆளுக சொகுசாயிட்டாங்க' என்று அதற்கும் ஒரு காரணம் என்னிடம் இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்த வேகம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஆள் மாறியும் அறுதல் மாறவில்லை என்ற அத்தனை பெரிய செய்தியை, ஒரு நொடியில், என் பழைய முடிவுக்குச் சாதகமாகத் திருப்பிவிட்டேன்.

பொங்கல் கழிந்து மில் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள். வேஸ்ட் அள்ளும் அக்கா சாக்கை இழுத்துக்கொண்டு போனார். பிரேமின் கடைசியில் ஒரு பெட்டி உண்டு. நூல் அறுந்தால் ரோலரிலிருந்து வரும் பஞ்சை உறிஞ்சி அதற்குள் தள்ளிவிடும். ஷிப்டுக்கு இத்தனை தடவை என்று அந்தப் பெட்டிகளைத் திறந்து பஞ்சை அள்ளுவது அவர் வேலை. சாக்கு வழக்கத்தைவிடப் பெருத்திருந்தது. வழியில் நின்ற எரிச்சலில், "என்னக்கா இது, இந்த ரெண்டு மிசின் பஞ்சே இத்தனையா?" என்றேன்.

"இந்த ரெண்டு மிசின்ல மட்டும் இல்லீங் சாரு. பன்னெண்டு மிசின்லயுந்தானுங் சாஸ்தி வருது. அக்கட்ட லைன்ல இல்லீங். இந்த லைன் பூராவும்."

"எத்தன நாளா?"

"மார்கழி பாதியில இருந்துங்."

"சொல்லக் கூடாதுங்களா அக்கா?"

"ஆருகிட்டச் சொல்றதுங்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யாரிடம் சொல்வதென்று அவருக்குத் தெரியாது. எடுத்த பஞ்சை எடை போட்டுச் சீட்டு எழுதுபவர் வேறொருவர். அந்தச் சீட்டு போவது காஸ்டிங் ஆபீசுக்கு.

13இலிருந்து 24 வரை நடந்தேன். அக்கா சொன்னது சரி. 15இல் பதினான்கு, 21இல் பதினாறு, 23இல் பதினைந்து. ஒரு பிரேமும் நார்மல் இல்லை. இந்தப் பன்னிரண்டுக்கும் காற்றை நனைத்துத் தருவது இரண்டாம் நம்பர் எச்-பிளாண்ட். நேரே அங்கே போனேன். ஆபரேட்டர் பொறுப்பான மனுசன். மணிக்கு ஒருதரம் ரீடிங் எடுத்து லாக் புக்கில் எழுதியிருந்தார். 56, 56, 57, 56. ரிங் பிரேமுக்கு எவ்வளவு ஈரப்பதம் வேண்டுமோ அவ்வளவு. அந்த லாக் புக்கை நான் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

லேபில் ஒரு கை ஹைக்ரோமீட்டர் இருந்தது. கிலுகிலுப்பை மாதிரி சுழற்றிவிட்டுப் பார்ப்பது. அதைக் கொண்டுவந்து 17ஆம் பிரேம் பக்கத்தில் நின்று சுழற்றினேன். 47.

சுவரில் இருந்த ஹைக்ரோமீட்டரிடம் போனேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதில் இரண்டு தெர்மாமீட்டர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் குமிழில் துணித் திரி சுற்றியிருக்கும். திரியின் வால் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கும். காற்று வறண்டிருந்தால் திரியிலிருந்து தண்ணீர் வேகமாக ஆவியாகும், குமிழ் குளிரும், இரண்டு தெர்மாமீட்டருக்கும் இடைவெளி கூடும். அந்த இடைவெளியை வைத்து அட்டவணை பார்த்து ஈரப்பதம் சொல்வது. திரியைத் தொட்டுப் பார்த்தேன். குச்சி மாதிரி இருந்தது. எங்கள் போர் தண்ணீரின் உப்பும் பஞ்சுத் தூசியும் படிந்து கெட்டித்துப்போய், கிண்ணத்தில் தண்ணீர் இருந்தும் திரி அதைக் குடிக்கவில்லை. அதனால் குமிழ் குளிர வேண்டிய அளவு குளிரவில்லை. வித்தியாசம் இரண்டு டிகிரிகூட இல்லை. ஆனால் அட்டவணையில் அந்த இரண்டு டிகிரிதான் 47ஐ 56 ஆக்கியது.

மீதியைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகவில்லை. வெளிக்காற்றை உள்ளே விடும் டேம்பர் துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டது. தை மாத விடியற்காலையில் வெளியே 18 டிகிரி. அந்தக் குளிர்ந்த காற்றைச் சாரலில் எவ்வளவு நனைத்தாலும் அது கொஞ்சம் ஈரத்தைத்தான் தூக்கும். உள்ளே வந்து மோட்டார் சூட்டில் 30 டிகிரிக்கு ஏறியதும் ஈரப்பதம் ஐம்பதுக்குக் கீழே போய்விடும். பஞ்சு வறண்டு, மின்னேறி, ரோலரோடு ஒட்டிக்கொண்டு அறும். குளிர் ராத்திரியில் வெளிக்காற்றைச் சாத்திவிட்டு டிபார்ட்மெண்ட் காற்றையே சுற்றவிட வேண்டும் என்பது அப்ரெண்டிஸுக்கும் தெரிந்த பாடம். எனக்கும் தெரியும். அது எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

2009 வாக்கில் எங்கள் நிர்வாகம் அவினாசி ரோட்டு ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் பயிற்சி வைத்தது. பிரச்சினைகளைத் தீர்ப்பது, தெளிவாகச் சிந்திப்பது, முடிவெடுப்பது எப்படி என்று. மத்தியானச் சாப்பாடு பிரமாதம். பயிற்சியாளர் சின்ன வயசுக்காரர், நல்லபடியாகவே நடத்தினார். இஷிகாவாவின் மீன்முள் படம் போட்டார்: ஆள், இயந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல் என்று ஆறு முள்ளிலும் காரணங்களைத் தொங்கவிட்டுப் பார்ப்பது. அப்புறம் 'ஐந்து ஏன்'. ஒரு கோளாறு வந்தால் ஏன் என்று கேள், வந்த பதிலுக்கும் ஏன் என்று கேள், ஐந்து தடவை இறங்கினால் வேர் தெரியும். டொயோட்டா கார் கம்பெனியில் பழகியது என்றார்.

எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம், ஏனென்றால் அது எங்கள் சாதிச் சரக்கு. டொயோட்டா காரே தறியிலிருந்து பிறந்ததுதான். சகிச்சி டொயோடா தறி செய்தவர். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறி. 1924இல் வந்த ஜி வகைத் தறியின் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் விலை கொடுத்து வாங்கியது. பிளாட் என்று வார்ப்பிரும்பில் பெயர் பொறித்த பழைய மிஷின்களை அப்ரெண்டிஸாக இருந்தபோது நான் எண்ணெய்த் துணியால் துடைத்திருக்கிறேன். ஒரு நூல் அறுந்ததும் தறி நின்றுவிடுகிறது. தப்பு நடந்தது என்று தெரிந்தும் ஓடிக்கொண்டே இருக்கும் கெட்ட பழக்கம் அதற்கு இல்லை.

பயிற்சியில் ஒவ்வொருவரும் சொந்த அனுபவம் ஒன்றை எடுத்துச் செய்து பார்க்கச் சொன்னார்கள். நான் 2003 ஜனவரியை எடுத்தேன். ஆனால் அன்று எனக்குத் தெரிந்திருந்த அளவோடு மட்டும் செய்து பார்த்தேன். நூல் ஏன் அறுகிறது? சைடர் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை? தூங்குகிறாள். ஏன் தூங்குகிறாள்? ராத்திரி ஷிப்ட் பழக்கமில்லை. ஏன் பழக்கமில்லை? பெண்களை இப்போதுதான் போட்டிருக்கிறோம். ஏன் போட்டோம்? ஆள் பற்றாக்குறை. ஐந்து ஏனும் முடிந்துவிட்டது. ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இறங்கியது. இறங்கிய கிணறுதான் வேறு. மீன்முள்ளில் 'ஆள்' என்ற முள் நிறைய எழுதியிருந்தேன். 'அளவீடு' என்ற முள் மொட்டையாக நின்றது.

பயிற்சியாளர் தாளைப் பார்த்து, "வெரி குட் சார், ரூட் காஸ் வந்துடுச்சு" என்று தோளைத் தட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதை வைத்துப் பயிற்சிகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கருவிகள் எனக்கு உதவியிருக்கின்றன. திருப்பூர் பார்ட்டி ஒருவர் ஒருதரம் துணியில் பட்டை விழுகிறது என்று கோன்களைத் திருப்பி அனுப்பினார். நூலின் சீரை அளக்கும் ஊஸ்டர் டெஸ்டரில் நூலை ஓட்டினால் படத்தில் எட்டரை சென்டிமீட்டர் பக்கம் ஒரு கோடு உயர்ந்து நின்றது. அதற்கு மில் பாஷையில் 'சிம்னி' என்றே பெயர். எங்கள் ஃபிரண்ட் ரோலர் 27 மில்லிமீட்டர், 3.14ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட எண்பத்தைந்து மில்லிமீட்டர். அதாவது ரோலர் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் நூலில் ஒரு தடிப்பு. கோளாறு முன்னால் வரும் டிராபிரேமில் இருந்திருந்தால் அடுத்தடுத்த மிஷினில் இழுபட்டு இழுபட்டு அந்தத் தடிப்பு பல மீட்டருக்கு ஒன்று என்று நீண்டிருக்கும். ஆகவே குற்றவாளி கடைசி மிஷின்தான். கோணல் ரோலரைச் சாயங்காலத்துக்குள் பிடித்துவிட்டோம். மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது என்று தர்க்க நூல்கள் எல்லாவற்றிலும் வரும் உதாரணத்தை ஐயா சொன்னபோது நான் கை தூக்கி எங்கள் சிம்னியைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது.

சிம்னி விஷயத்தில் சரியாக ஊகித்த அதே மூளை, திரி விஷயத்தில் ஏன் அத்தனை மக்காகப் போயிற்று? என்னைப் படுத்தும் கேள்வி இதுதான். திறமை குறைவு என்றால் இரண்டிலும் குறைந்திருக்க வேண்டும்.

விடைக்கு வகுப்புப் பாடத்துக்கே திரும்பினேன். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் பன்னிரண்டு நூற்பா. ஒவ்வொன்றுக்கும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து வைத்திருக்கிறார். நான் இன்னது சொல்கிறேன், காரணம் இது, இதோ உதாரணம். முக்தியைப் பேசும் நூல் ஒரு நல்ல ரிப்போர்ட் மாதிரி அமைந்திருப்பதைப் பார்த்து அசந்துவிட்டேன். மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே. கடைசிக் காதைக்கு முந்தியதில், இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருமம் சொல்லத் தொடங்குகிறார். எடுத்த எடுப்பில் அவர் சொல்லித் தருவது தர்க்கம். எது ஏது, எது ஏதுவைப் போல வேஷம் போட்டு வருவது. பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று பொய்களின் வகை தொகை. பிறவியை அறுக்கும் பாடம் அதற்கப்புறம்தான்.

அதில் ஒரு பகுதி என்னைக் குத்தியது. எடுத்துக்காட்டு இரண்டு விதமாக வேண்டும். ஏது இருக்கும் இடத்தில் நாம் நிறுவ வந்ததும் இருக்கிறது என்று காட்டுவது ஒன்று. நிறுவ வந்தது இல்லாத இடத்தில் ஏதுவும் இல்லை என்று காட்டுவது இன்னொன்று, வைதன்மியம் என்பார்கள். எங்கள் மில்லுக்கு அதை மாற்றினால் ரொம்ப எளிது. அந்தப் பிள்ளைதான் காரணம் என்றால், அவள் இல்லாத பிரேமில் போய் நின்று எண்ணு. பத்து அடி தூரம்தான். நான் அந்தப் பத்து அடி நடக்கவில்லை.

வகுப்பில் ஒருநாள் வாதம் செய்தேன். "ஐயா, ஐயத்தையும் திரிபையும் ஒரே தட்டில் வைத்துக் குற்றம் என்கிறீர்கள். எங்கள் வேலையில் ஐயப்படுகிறவன் பிழைத்துக்கொள்வான். திரிபுக்காரன்தான் கெடுப்பான். அவனுக்குச் சந்தேகமே வராது."

ஐயா யோசித்துவிட்டுச் சொன்னார். "ஐயம் அறிவு ஆகாதுன்னுதான் சொல்றாங்க. அதுலயே உட்கார்ந்துக்கிட்டா குற்றம். நியாய நூல்காரங்க பதினாறு பதார்த்தத்துல மூணாவதா ஐயத்தை வச்சாங்க, நிர்ணயத்தை ஒன்பதாவதா வச்சாங்க. நடுவுல இருக்கறதைத் தாண்டாம அங்க போக முடியாது. நீங்க மூணுக்கே போகாம ஒன்பதுல குதிச்சிருக்கீங்க."

திருக்குறளில் முடிவெடுப்பதற்கு என்றே வள்ளுவர் தெரிந்துசெயல்வகை தொடங்கித் தெரிந்துவினையாடல் வரை வரிசையாக ஆறு அதிகாரம் வைத்திருக்கிறார். ஆராயாமல் நம்புவது, நம்பிய பின் சந்தேகப்படுவது இரண்டுமே தீராத துன்பம் என்பார் ஓரிடத்தில். நான் ஒரே வாரத்தில் அதற்குப் பக்கத்திலேயே போய்வந்தவன்: லாக் புக்கை ஆராயாமல் நம்பினேன், ஆளை ஆராயாமல் சந்தேகப்பட்டேன். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு இரண்டு குறள்கள். ஒன்று பொருட்பாலில், அறிவுடைமையில் வருகிறது: சொல்கிறவர் யார் என்று பார்க்காதே, சொன்னதில் உள்ள உண்மையைப் பார் என்பது அதன் கருத்து. இன்னொன்று அறத்துப்பாலில், துறவறத்தில், மெய்யுணர்தலில்: பொருள் எந்தத் தோற்றத்தில் வந்தாலும் அதன் உண்மையைப் பார் என்பது. இரண்டின் முடிவும் சொல்லுக்குச் சொல் ஒன்றே. அரசாங்கமும் அலுவலும் பேசும் இடத்தில் சொன்னதையே முனிவனுக்கும் சொல்லியிருக்கிறார். மூன்றரை மணிக்கு ரிங் பிரேம் முன்னால் நிற்பவனுக்குத் தேவைப்படும் பார்வைக்கும் பிறவிக்கு விடை தேடுகிறவனுக்குத் தேவைப்படும் பார்வைக்கும் அவர் தனித்தனிக் கண் வைக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். ஐயா இதை முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. "கொஞ்சம் இழுத்துக் கட்டறீங்க" என்றார். இருக்கட்டும்.

அப்புறம் ஆணவம் நடந்தது. ஆணவம் என்றால் திமிர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சித்தாந்தத்தில் அதற்குப் பொருள் வேறு. உயிரின் அறிவை மறைக்கும் இருட்டு அது; செம்பில் களிம்பு போல ஆதியில்லாமல் ஒட்டியிருப்பது. உமாபதி சிவம் திருவருட்பயனில் அதை இருட்டோடு ஒப்பிட்டு, இருட்டே தேவலை என்கிறார். இருட்டு மற்ற பொருள்களை மறைக்கும், ஆனால் 'நான் இருட்டு' என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். இருட்டாக இருக்கிறது என்றாவது நமக்குத் தெரியும். ஆணவம் தன்னையும் காட்டாது.

அருணந்தி சிவாசாரியார் கதையையும் ஐயா அன்றுதான் சொன்னார். அவர் சகல ஆகமங்களையும் கரைத்துக் குடித்தவர், குலகுரு. திருவெண்ணெய்நல்லூரில் சின்னப் பிள்ளையான மெய்கண்டார் பாடம் சொல்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போகிறார். ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்கிறார். பிள்ளை வாயைத் திறக்காமல், நிற்கிற அவரையே ஏற இறங்கப் பார்த்ததாம். அருணந்தி அங்கேயே விழுந்து வணங்கிச் சீடரானார் என்பது மரபு.

எனக்கு உடனே கொக்கியும் கையுமாக நிமிர்ந்து பார்த்த முகம் ஒன்று ஞாபகம் வந்தது. நான் விழுந்து வணங்கவில்லை. மெமோ எழுதினேன்.

ஆனால் இங்கே எனக்கு ஒரு மறுப்பும் உண்டு. ஆணவம் ஆதியில்லாதது, என் முயற்சியால் மட்டும் போகாது, அருள் வேண்டும் என்றால், அந்தத் தப்பு என்னுடையதா இல்லையா? 'மலம் மறைத்தது' என்று சொல்லி நான் தப்பித்துவிடலாம் அல்லவா? மெமோ கொடுத்தது என் கை. ஐயாவிடம் கேட்டேன். அவர் மாயையைப் பற்றிச் சொன்னார். உடம்பு, கண், காது, புத்தி எல்லாம் மாயையிலிருந்து வந்தவை. விடியும் வரை இருட்டில் விளக்குப் போல உயிருக்கு உதவக் கொடுக்கப்பட்டவை. விளக்கால் விடியாது, ஆனால் விளக்கைக்கூட ஏற்றாதவன் இருட்டைக் குறை சொல்ல முடியாது. "உங்களுக்குக் கொடுத்த விளக்கை நீங்க ஏத்துனீங்களா, அதான் உங்க கணக்கு" என்றார்.

மீன்முள் படமும், ஊஸ்டர் டெஸ்டரும், ஹைக்ரோமீட்டரும் அந்த வகை விளக்குகள்தான் என்று எனக்குப் பட்டது. விளக்குக்கும் திரி உண்டு. அதை நனைத்து வைப்பதும் தூண்டிவிடுவதும் யாரோ ஒருவர் வேலை. 56 என்று காட்டியது கருவியின் குற்றம். 56 என்பது எனக்குச் சௌகரியமாக இருந்ததால் திரியைத் தொட்டுப் பார்க்காமல் பதினைந்து நாள் கையெழுத்துப் போட்டது என் குற்றம். 65 என்று காட்டியிருந்தால் அன்றே போய்த் தொட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு வேலையில் சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் திரியை என் கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒரு பிரேமில் அறுதல் எண்ணினால், தள்ளியிருக்கும் இரண்டு பிரேமிலும் எண்ணாமல் நோட்டில் எழுத மாட்டேன். வேஸ்ட் எடைச் சீட்டில் ஒரு நகல் சூப்பர்வைசர் டேபிளுக்கும் வரும்படி செய்தேன். அதற்கு மூன்று மாதம் போராட வேண்டியிருந்தது. காஸ்டிங் ஆபீஸ்காரர்களுக்கு அந்தச் சீட்டில் அப்படி என்ன ரகசியம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

உரை அளவைக்கு யாருடைய சொல்லை எடுத்துக்கொள்வது என்றும் பாடத்தில் வருகிறது. பொருளை உள்ளபடி அறிந்தவர், அறிந்ததை மறைக்காமல் சொல்கிறவர். ஆப்தர் என்பார்கள். எங்கள் மில்லில் நாங்கள் அதற்கு டெசிக்னேஷன் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்து நாலு பிரேமையும் ஷிப்டுக்குப் பல தடவை சுற்றி வந்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பஞ்சு என்று கையால் அறிந்தவர் அந்த டிபார்ட்மெண்டில் ஒரே ஒருவர்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது.

எல்லாவற்றிலும் இப்படி நின்று நிதானிக்க முடியாது என்பதும் உண்மை. பேல் பஞ்சைப் பிரிக்கும் புளோரூமில் ஒருதரம் பேல் கட்டின இரும்புப் பட்டைத் துண்டு உள்ளே போய்த் தீப்பொறி கிளம்பியது. நான் ஐயமும் படவில்லை, திட்டாந்தமும் தேடவில்லை. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அங்கே யோசித்திருந்தால் மில் போயிருக்கும். வள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரம் தனியே வைத்தது சும்மா இல்லை. ஆனால் மெமோ எழுதும் காரியம் தீப்பொறி மாதிரி அவசரமானது என்று என்னை நம்பவைத்தது எது என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குணம் மாறிவிட்டதா என்றால், வீட்டில் கேட்டால் தெரியும். போன மாதம் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கிரிக்கெட் ஆடிப் பந்து பட்டுத்தான் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி உள்ளே இருந்து, "கரண்டே இல்லீங்க" என்றாள்.

ஆணவப் பாடம் முடிந்த அந்த ஞாயிறு ராத்திரி பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். 2003ஆம் வருடத்து நோட்டு கிடைத்தது. அட்டை போய்விட்டது, உள்ளே எழுத்து அப்படியே இருக்கிறது. பக்கத்துக்கு இருபத்து நாலு கட்டம் நானே ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறேன், பிரேமுக்கு ஒன்று. 17, 18 இரண்டு கட்டத்தில் மட்டும் எண்கள். மற்ற இருபத்திரண்டும் வெறுமை. புரட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு ராத்திரியும் அப்படித்தான்.

முதல் ராத்திரிப் பக்கத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதும் இடம். அவள் என்ன சொன்னாள் என்பது நினைவில்லை என்று மேலே எழுதினேன் அல்லவா? இருபது வருடத்துக்கு மேலாக எனக்கு நினைவில்லை. அங்கே என் கையெழுத்தில், சிவப்பு மையில் இருந்தது: 'இந்த லைனில் எல்லா மிசினும் இப்படித்தான் என்கிறாள். சாக்கு.'